சீரமைப்பில் பார்க்க வேண்டியது: ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம்?

கேள்வி: ஒரு பெரிய முதலீட்டு வங்கியின் சந்தை ரிஸ்க் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் வாடிக்கையாளர் கவிழ்ந்ததில் எங்களுக்குப் பெரிய இழப்பு. தோண்டத் தோண்ட, லிமிட் (வங்கி தனக்கே வைத்துக்கொள்ளும் ரிஸ்க் வரம்பு) மீறல்கள் மேலிடத்துக்கு முன்பே தெரியும் என்பது வெளிவந்தது. அபராதம், தலைமை மாற்றம் எல்லாம் ஆயிற்று. போன மாதம் புதிய சி.இ.ஓ. சீரமைப்புத் திட்டத்தை அறிவித்தார். ஆறில் ஒருவருக்கு வேலை போகும். பங்குச் சந்தை வணிகத்தில் பெரும்பகுதியை மூடுகிறார்கள். வேண்டாத சொத்துகளை ஒரு தனிப் பிரிவுக்கு மாற்றிச் சில ஆண்டுகளில் கரைக்கப் போகிறார்கள். அந்தப் பிரிவின் ரிஸ்க் தலைமையை என்னை ஏற்கச் சொல்கிறார்கள். ‘குப்பைத்தொட்டிக்குப் போகாதே’ என்கிறார்கள் நண்பர்கள். திட்டம் உண்மையானதா, கண்துடைப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் போகலாமா? இன்னொன்று: அந்த வாடிக்கையாளரைப் பற்றி அப்போதே என் மேலதிகாரிக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவற்றை இப்போது என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

மின்னஞ்சல் விஷயம்தான் அவசரம், அதை முதலில் பேசிவிடுவோம். அவற்றை அழிக்காதீர்கள். சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வங்கி ஆவணத்தை வெளியே கொண்டுபோனதாக உங்கள் மீதே ஒழுங்கு நடவடிக்கை வந்தால், நீங்கள் எழுதிய உண்மை பின்னுக்குப் போய்விடும். விசாரணை வந்த வங்கியில் பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும்படி சட்டப் பிரிவு உத்தரவு போட்டிருக்கும், ஆகவே மின்னஞ்சல்கள் சர்வரில் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். இன்ன தேதியில், இன்னாருக்கு, இன்ன தலைப்பில் இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன் என்று சட்டப் பிரிவுக்கோ உள் விசாரணைக் குழுவுக்கோ எழுத்தில் தெரிவியுங்கள். கிடைத்ததாக ஒரு வரி பதில் வாங்குங்கள். அதற்கு முன் சொந்தச் செலவில் ஒரு வக்கீலைப் பாருங்கள். வங்கியின் வக்கீல் உங்களிடம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவருடைய கட்சிக்காரர் வங்கிதான். ஒழுங்குமுறை ஆணையத்திடம் நேரடியாகப் போகும் வழியும், அப்படிப் போகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பும் பல நாடுகளில் உண்டு. ஆனால் விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்பதை அந்த வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் புதிய பதவிக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பே செய்துவிடுங்கள். சம்மதித்த பிறகு சொன்னால், ‘பதவியை வாங்கிக்கொண்டு இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தார்?’ என்று கேட்பார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கான அளவுகோலும் அந்த இரண்டு மின்னஞ்சல்களிலேயே இருக்கிறது. அதே மின்னஞ்சலை, அதே அளவு வருமானம் தருகிற வேறொரு வாடிக்கையாளரைப் பற்றி, இன்று அனுப்பினால் என்ன நடக்கும்? யார் அதைப் படித்தாக வேண்டும்? படித்தவருக்கு வியாபாரத்தை நிறுத்தும் அதிகாரம் உண்டா? நிறுத்தினால் அவருடைய போனஸ் குறையுமா? திட்ட அறிக்கையில் எத்தனை பேருக்கு வேலை போகிறது, எத்தனை கோடி மிச்சம், எந்தப் பிரிவு யாரிடம் போகிறது என்பதெல்லாம் விவரமாக இருக்கும். நான் கேட்ட இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரி கூட இருக்காது. ஆனால் ஊழலுக்குப் பின் வருகிற சீரமைப்பு நிலைக்குமா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு உங்கள் வங்கியின் கதையைப் போலவே இருக்கிற ஒரு வழக்கைப் பார்ப்போம். 2021 மார்ச்சில் ஆர்ச்செகோஸ் என்ற தனிக் குடும்ப முதலீட்டு நிறுவனம் கவிழ்ந்ததில் கிரெடிட் சுவிஸ் வங்கி 550 கோடி டாலர் இழந்தது. ஒரு வெளிச் சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்து, அந்த அறிக்கையை வங்கியே ஜூலையில் வெளியிட்டது. ரிஸ்க் வேலையில் இருக்கும் ஒவ்வொருவரும் அதைப் படித்திருக்க வேண்டும் என்பேன். வங்கி ஊழியர்கள் மோசடி செய்ததாக அதில் இல்லை. எண்கள் அவர்கள் கண்முன்னே இருந்தன. ஆர்ச்செகோஸுக்கு இருந்த ஒரு முக்கிய லிமிட் 2 கோடி டாலர். 2020-லேயே அதைப் பத்து மடங்குக்கும் மேல் தாண்டியிருந்தார்கள். ஸ்வாப் (பங்கை வாங்காமலே அதன் விலை ஏற்ற இறக்கத்தின் மீது போடும் ஒப்பந்தம்) வியாபாரத்துக்கு வாங்க வேண்டிய மார்ஜினை, அதாவது ஈட்டுப் பணத்தை, சராசரியாக 7.5 சதவீதத்துக்கு இறக்கிக் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர் உறவைக் கவனித்துவந்த விற்பனைப் பக்கத்து ஆளே பிறகு அந்த வணிகத்தின் ரிஸ்க் குழுவுக்குத் தலைவராகவும் வந்தார். மார்ஜினைக் கூட்டுவது பற்றிப் பேச ஆர்ச்செகோஸை அழைத்தார்கள். அது சந்திப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. அந்த இழுபறி நடக்கும்போதே, மார்ச் 11-க்கும் 19-க்கும் இடையில், அது பந்தயம் கட்டியிருந்த பங்குகள் ஏறியிருந்ததால் சேர வேண்டிய மார்ஜின் என்று வங்கி 240 கோடி டாலரை ஆர்ச்செகோஸுக்கு அனுப்பியது. அடுத்த வாரம் அது கவிழ்ந்தது.

இவ்வளவுக்கும் 2020-ல் அந்த வாடிக்கையாளரால் வங்கிக்கு வந்த வருமானம் 2 கோடி டாலருக்கும் குறைவு.

இதில் தகவல் இல்லாமல் போன இடம் ஒன்றுகூட இல்லை. லிமிட் மீறல் அறிக்கை வந்தது, கமிட்டி கூடியது, கவலை தெரிவித்தார்கள், குறிப்பு எழுதினார்கள். ‘பணத்தை அனுப்பாதே, முதலில் மார்ஜின் வரட்டும்’ என்று ஒருவர் சொல்லி, அந்தச் சொல்லே முடிவாக நின்றிருக்க வேண்டிய இடம்தான் காலியாக இருந்தது. உங்கள் மின்னஞ்சலும் அந்தக் காலி இடத்தில்தான் போய் விழுந்திருக்கிறது.

ஊழலுக்குப் பின் ஒரு முதலீட்டு வங்கியை நிமிர்த்தியதற்கு நான் முதலில் சொல்லும் உதாரணம் பழையது. 1991-ல் சாலமன் பிரதர்ஸ். அமெரிக்க அரசுக் கடன் பத்திர ஏலத்தில் ஒரு நிறுவனம் 35 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று விதி. சாலமனின் அரசுப் பத்திர டெஸ்க்குக்கு (வர்த்தகக் குழுவுக்கு) தலைவராக இருந்த பால் மோசர், வாடிக்கையாளர்களின் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் ஏலம் கேட்டு விதியை மீறினார். ஒரு டிரேடரின் குற்றம் என்றால் நிறுவனம் பிழைத்துக்கொண்டிருக்கும். ஆனால் ஏப்ரலிலேயே மேலிடத்துக்கு விஷயம் தெரிந்தும் ஆகஸ்ட் வரை அரசிடம் சொல்லவில்லை. நிறுவனத்தையே சாய்க்கப் பார்த்தது அந்த மௌனம்தான். தலைவர் ஜான் குட்ஃபிரெண்ட் பதவி விலகினார். பெரிய முதலீட்டாளராக இருந்த வாரன் பஃபெட் இடைக்காலத் தலைவரானார்.

அவர் முதலில் வணிகப் பிரிவுகளை வெட்டி ஒட்டவில்லை. விதிமீறல் கண்ணில் பட்டால் தன்னிடமே நேரடியாகச் சொல்லச் சொல்லி, வீட்டுத் தொலைபேசி எண்ணோடு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம் என்ற கவசத்தை விட்டுக்கொடுத்து, உள் விசாரணையில் கிடைத்ததை அரசிடம் திறந்து காட்டினார். போனஸுக்கு ஒதுக்கியிருந்ததில் 11 கோடி டாலரை வெட்டினார். கோபத்தில் பல டிரேடர்கள் கிளம்பிப் போனார்கள், அவர் தடுக்கவில்லை. 1992 மே மாதம் 29 கோடி டாலரோடு வழக்கு முடிந்தது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு வரவில்லை. 1997-ல் டிராவலர்ஸ் குழுமம் சாலமனை 900 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. முதல் சில வாரங்களிலேயே, யார் எதைப் பார்த்தாலும் அது எங்கே போய்ச் சேரும், சேர்ந்தபின் என்ன ஆகும் என்பது மாறிவிட்டது. கட்டமைப்பு மாற்றங்கள் அதன் பிறகுதான் வந்தன. சாலமனை நிமிர்த்தியது இந்த வரிசை என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்ட பார்க்லேஸ். 2012 ஜூனில் லைபார் (வங்கிகள் தமக்குள் கடன் கொடுக்கும் வட்டியின் அளவுகோல்) வட்டி விகித மோசடிக்காக 29 கோடி பவுண்டு அபராதம், சில நாட்களில் சி.இ.ஓ. பாப் டயமண்ட் விலகல். பின் வந்த ஆன்டனி ஜென்கின்ஸ் மெய்யாகவே மாற்ற நினைத்தவர். புதிய நெறிகளை ஏற்க முடியாதவர்கள் வெளியேறலாம் என்று ஊழியர்களுக்கு வெளிப்படையாக எழுதினார். வரி தவிர்ப்பு ஏற்பாடுகளுக்குப் பெயர்போன ஒரு பிரிவையே மூடினார். ஆனால் 2013-ல் லாபம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தும், போனஸ் தொகை 10 சதவீதம் ஏறி 238 கோடி பவுண்டானது. நல்ல ஆட்களை இழக்க முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம். ஊழியர்கள் அந்த ஆண்டு எந்த அறிக்கையைப் படித்துப் பாடம் கற்றிருப்பார்கள், நெறிகள் அறிக்கையையா, போனஸ் சீட்டையா? ஜென்கின்ஸுக்குப் பின் வந்த ஜெஸ் ஸ்டேலி, ஒரு நியமனத்தைப் பற்றிப் பெயரில்லாமல் வந்த புகார்க் கடிதத்தை எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க 2016-ல் வங்கியின் பாதுகாப்புப் பிரிவை ஏவினார். இதற்காக 2018-ல் அவருக்கு 6,42,430 பவுண்டு அபராதம். சுவரில் ஒட்டிய நெறிகளுக்கு என்ன மதிப்பு என்பது கீழே இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட ஒரு சம்பவத்தில்தான் தெரிகிறது.

ஆகவே உங்கள் வங்கியின் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சில விஷயங்களைத் தேடிப் பாருங்கள். வேலைக் குறைப்பு எங்கே விழுகிறது? வணிகப் பக்கம், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ் (விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் பிரிவு), நிதிப் பிரிவு எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் என்றிருந்தால் எனக்குக் கவலை வரும். வணிகத்தைக் குறைப்பது அறிவித்த அன்றே நடந்துவிடுவதில்லை. பழைய சொத்துகள் புத்தகத்தில் அப்படியே இருக்கும், அவற்றைக் கண்காணிக்கும் ஆட்கள் மட்டும் முதலில் போயிருப்பார்கள். அந்த இடைவெளியில்தான் அடுத்த விபத்து வரும். அடுத்து, கவிழ்ந்த வாடிக்கையாளரை மேலே தூக்கிப் பிடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? சி.இ.ஓ.வும் இரண்டு பேரும் போய், அடுத்த படியில் இருந்தவர்கள் அனைவரும் புதிய பெயர்ப்பலகையோடு அதே நாற்காலியில் இருந்தால், நடந்தது ஆள்மாற்றம் மட்டும்தான். கடைசியாக, கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்த பழைய போனஸ் யாரிடமாவது ரத்தானதா? பிரிட்டனில் கொடுத்த போனஸையே ஏழு ஆண்டு வரை திரும்பக் கேட்கலாம் என்று 2015-லேயே விதி வந்துவிட்டது. விதி இருப்பதையும் அது ஒருவர் மீதாவது பாய்வதையும் ஊழியர்கள் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை.

திட்டம் நல்லதாக இருந்தும் தோற்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் வேலையின் ஆயுள் அதைப் பொறுத்தது. கிரெடிட் சுவிஸ் 2022 அக்டோபர் 27 அன்று அறிவித்த திட்டத்தைத் தாளில் படித்தால் குறை சொல்ல அதிகம் இல்லை. முதலீட்டு வங்கியைப் பிரிப்பது, ஒரு பகுதியை சி.எஸ். ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்று தனியே நிறுத்துவது, வேண்டாததை ஒரு கரைப்புப் பிரிவில் போடுவது, 2025-க்குள் 9,000 வேலைகளைக் குறைப்பது, 400 கோடி ஃபிராங்க் புதிய மூலதனம் திரட்டுவது. மூலதனம் திரட்டவும் செய்தார்கள். ஆண்டு முடிவில் அதன் அடிப்படை மூலதன விகிதம் (ரிஸ்க்குக்கு ஏற்ப எடைபோட்ட சொத்துகளோடு ஒப்பிட்ட சொந்த மூலதனம்) 14.1 சதவீதம். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் திடமான வங்கி. ஆனால் அந்தக் கடைசிக் காலாண்டில் மட்டும் வாடிக்கையாளர்கள் 11,050 கோடி ஃபிராங்கை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவற்றை நினைத்துப் பாருங்கள்: சொந்த அதிகாரியை வேவு பார்த்த விவகாரம், கிரீன்சில் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய முதலீட்டு நிதிகள் முடங்கியது, ஆர்ச்செகோஸ், சீர்செய்ய வந்த தலைவரே கோவிட் தனிமைப்படுத்தல் விதியை மீறிப் பதவி இழந்தது. ஒவ்வொரு முறையும் ‘இனி நடக்காது’ என்றார்கள். மூன்று ஆண்டுத் திட்டத்தை நம்பிக் காத்திருக்க யாருக்கும் பொறுமை மிஞ்சவில்லை. 2023 மார்ச் 14-ல் வெளியான ஆண்டறிக்கையில், நிதி அறிக்கை தயாரிப்பின் உள் கட்டுப்பாட்டில் பெரிய பலவீனம் இருப்பதாக வங்கியே ஒப்புக்கொண்டது. மறுநாள் பெரிய பங்குதாரரான சவூதி நேஷனல் பேங்க் இனிமேல் பணம் போடமாட்டோம் என்றது. சுவிஸ் மத்திய வங்கி 5,000 கோடி ஃபிராங்க் வரை கடன் தர முன்வந்தும் பயனில்லை. மார்ச் 19 ஞாயிறன்று 300 கோடி ஃபிராங்குக்கு யு.பி.எஸ். வங்கியிடம் போய்விட்டது. சுமார் 1,600 கோடி ஃபிராங்க் மதிப்புள்ள ஏ.டி.1 பத்திரங்கள் (வங்கி நெருக்கடியில் விழுந்தால் மதிப்பிழக்கும் கடன் பத்திரங்கள்) பூஜ்யமாயின.

அதன் பிறகு சுவிஸ் கண்காணிப்பு ஆணையம் எழுதிய அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பு இருந்தது: பெரும் நஷ்டம் வந்த ஆண்டுகளிலும் வங்கி போனஸை உயர்வாகவே வைத்திருந்தது. பார்க்லேஸில் நடந்ததையே இங்கேயும் பார்க்கிறோம்.

உங்களுக்கு இதில் பயன்படும் செய்தி: மூலதன விகிதத்தை மட்டும் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளாதீர்கள். வைப்புத்தொகையும் செல்வந்தர் கணக்குகளும் காலாண்டுக்குக் காலாண்டு எப்படி நகர்கின்றன, உங்கள் வங்கியின் கடன் காப்பீட்டு விலை, அதாவது சி.டி.எஸ்., எங்கே போகிறது, பிற வங்கிகள் உங்களுக்குக் கொடுத்திருந்த லிமிட்டைச் சத்தமில்லாமல் குறைக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியில் சொன்னது உங்கள் கருவூலப் பிரிவுக்கு மற்றவர்களுக்கு முன்பே தெரியும். அங்கே உங்களுக்கு நண்பர்கள் இருப்பார்கள்.

இனி அந்தப் பிரிவு. உங்கள் நண்பர்கள் குப்பைத்தொட்டி என்கிறார்கள். நான் போகச் சொல்கிறேன், சில நிபந்தனைகளோடு.

கரைப்புப் பிரிவு ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். டாய்ஷ் பேங்க் 2019 ஜூலை 7 அன்று பங்கு வர்த்தகத்திலிருந்து விலகி, 18,000 வேலைகளைக் குறைத்து, இடர் எடையிட்ட சொத்துகளில் (ரிஸ்க்குக்கு ஏற்பக் கணக்கிட்ட சொத்து மதிப்பில்) 7,400 கோடி யூரோவைத் தனிப் பிரிவுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு 500 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டம், பங்கு ஈவு இல்லை. 2022 இறுதியில் அந்தப் பிரிவில் சுமார் 2,400 கோடிதான் மிச்சம், வங்கியும் நல்ல லாபத்தில் இருந்தது. பார்க்லேஸின் ‘நான்-கோர்’ பிரிவு 2014-ல் 11,000 கோடி பவுண்டை ஒட்டித் தொடங்கி, 2017 நடுவில் சுமார் 2,300 கோடியாகி, மூடப்பட்டது. சீரமைப்புத் திட்டங்களில் வாக்குறுதி மாதிரி இல்லாமல், மாதாமாதம் அளந்து பார்க்க முடிகிற பகுதி இதுதான். அங்கே நீங்கள் செய்வது எண்ணாகத் தெரியும்.

வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்கிறேன். ஓர் ஓய்வூதிய நிதியோடு போட்ட 30 ஆண்டு வட்டி ஸ்வாப் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தம்) உங்கள் புத்தகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் 22 ஆண்டு பாக்கி. மூன்று வழி உண்டு. வாடிக்கையாளரோடு பேசி முன்கூட்டியே முடிக்கலாம். வேறொரு வங்கிக்கு மாற்றிக் கொடுக்கலாம், அதற்கு வாடிக்கையாளரின் சம்மதம் வேண்டும், எடுத்துக்கொள்ளும் வங்கிக்குப் பணமும் தர வேண்டும். அல்லது ஹெட்ஜ் செய்து, அதாவது ரிஸ்க்கை ஈடுகட்டும் எதிர் ஒப்பந்தம் எடுத்து, வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், அதுவரை மூலதனம் முடங்கிக் கிடக்கும். நீங்கள் வெளியேறத் துடிக்கிறீர்கள் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் சி.இ.ஓ. அதைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே விலை எப்போதும் உங்களுக்கு எதிராகத்தான் தொடங்கும். ஒரு பரிவர்த்தனையை விற்றுவிட்டால், அதற்கு எதிராக எடுத்த ஹெட்ஜ் தனியாக நிற்கும். விற்பனைக் குழு மூலதனம் குறைந்தது என்று கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, இல்லாத ஒரு ரிஸ்க் புதிதாகப் பிறந்திருக்கும். அதை அன்றைக்கே பிடிப்பது உங்கள் வேலை.

முதல் ஆண்டில் எளிதானவை போகும், எண்கள் அழகாக இறங்கும், பாராட்டு வரும். கடைசி ஐந்தில் ஒரு பங்குதான் கஷ்டம். வழக்கில் சிக்கியவை, சந்தையே இல்லாதவை, ஒரே ஒருவருக்கு மட்டும் விலைக்கணிப்பு மாடல் புரிகிறவை எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். மூன்று ஒப்பந்தங்களுக்காக ஒரு முழு விலைக்கணிப்பு மென்பொருளையும் அதை ஓட்டும் குழுவையும் உயிரோடு வைத்திருக்க வேண்டிவரும். முறைகேடுகளால் வந்த செயல்பாட்டு ரிஸ்க்குக்கான மூலதனம், புத்தகத்தையே மூடினாலும் உடனே இறங்காது. இதையெல்லாம் இயக்குநர் குழுவுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். இரண்டாம் ஆண்டில் எண் நின்றுபோகும்போது பழி உங்கள் பிரிவின் மேல் வராது.

நிபந்தனைகளுக்கு வருகிறேன். நீங்கள் கரைப்புப் பிரிவின் தலைவருக்குக் கீழே இருக்கக் கூடாது. வங்கியின் தலைமை ரிஸ்க் அதிகாரிக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும், உங்கள் சம்பளத்தையும் போனஸையும் அவரே முடிவு செய்ய வேண்டும். அவசரத்தில் ஒரு சொத்தைத் தவறான விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கும்போதோ, ‘இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் விலை ஏறும்’ என்று ஒருவர் பந்தயம் கட்டப் பார்க்கும்போதோ, உங்கள் கையெழுத்து இல்லாமல் அது நடக்கக் கூடாது. இது எழுத்தில் இல்லாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கூடாது.

அடுத்து, மாற்றும் நாளன்று விலை. பழைய டெஸ்க்குகள் தங்கள் புத்தகத்தில் நம்பிக்கையான விலைகளைப் போட்டு வைத்திருக்கும். அந்த விலையிலேயே சொத்து உங்கள் பக்கம் வந்தால், அவர்களுடைய நஷ்டம் உங்கள் பிரிவின் முதல் காலாண்டு நஷ்டமாகிவிடும், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். சுதந்திரமான மதிப்பீட்டுக் குழு ஒவ்வொரு வரியையும் பார்த்து, வித்தியாசத்தைக் கொடுக்கும் டெஸ்க்கின் கணக்கில் எழுதிய பிறகே மாற்றம் நடக்க வேண்டும். வர வேண்டியவற்றின் பட்டியலுக்கும் ஒரு கடைசித் தேதி இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு யாருக்கு எது தலைவலியானாலும் உங்கள் வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள்.

ஆட்களைப் பற்றியும் பேசுங்கள். தன் வேலையைத் தானே இல்லாமல் ஆக்கும் வேலைக்கு நல்லவர்கள் சும்மா வரமாட்டார்கள். ரிஸ்க்கும் செலவும் குறைந்ததற்கு ஏற்ப, வேலையில் தங்கியிருப்பதற்கான தொகை, வேலை முடிந்ததும் வங்கியில் வேறு இடம் அல்லது மரியாதையான விடைத்தொகை என்று குழுவில் முக்கியமான சிலருக்காவது இப்போதே எழுதி வாங்குங்கள். உங்களுக்கும் அதே. அந்த மாடல் புரிந்த ஒரே ஆள் முதல் வேலைக் குறைப்புப் பட்டியலில் இருக்கிறாரா என்று இந்த வாரமே பாருங்கள். பல வங்கிகளில் அந்தப் பெயர்ப் பட்டியலை மனிதவளப் பிரிவு செலவுக் கணக்கை வைத்துத் தயாரிக்கிறது. யாருக்கு எந்தப் புத்தகம் தெரியும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குழுவில் வேலை போகப்போகிறவர்களுக்கு, உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு எதையும் கொடுக்காதீர்கள். பேச்சுவார்த்தை நடக்கிறது, இன்ன தேதிக்குள் தெரியும், தெரிந்ததும் நானே நேரில் சொல்வேன் என்பதோடு நிறுத்துங்கள். அந்தத் தேதி தள்ளிப்போனால், தள்ளிப்போனதையும் அன்றே போய்ச் சொல்லுங்கள்.

நிபந்தனைகளைத் தலைமை ரிஸ்க் அதிகாரிக்கு ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். முதல் பத்தியில் யாருக்குப் பதில் சொல்வது, யார் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது என்ற இரண்டும் வரட்டும். ‘பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேருங்கள்’ என்று பதில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். இரண்டாம் முறையும் அதே பதில் வந்தால், இப்போதிருக்கும் இடத்திலேயே இருந்துகொண்டு வெளியே வேலை தேடத் தொடங்குங்கள்.